அந்த 72 மணி நேரத்தை யார் சொல்வது?

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் மறுபடியும் அந்தச் செய்தி வந்தது. குளிர்பான ஆலையில் வேலைபார்த்த, எச்.ஐ.வி. தொற்றுள்ள ஊழியர் ஒருவர் தன் ரத்தத்தைப் பானத்தில் கலந்துவிட்டாராம். சில வாரங்களுக்கு அதைக் குடிக்க வேண்டாமாம். "காவல் துறை அறிவிப்பு, அனைவருக்கும் பகிரவும்." ஊர்ப் பெயரும் பானத்தின் பெயரும் மாறி மாறி, பல ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கும் பொய் இது. எச்.ஐ.வி. கிருமி உடலுக்கு வெளியே நெடுநேரம் தாங்காது. சாப்பாடு, தண்ணீர் வழியாகப் பரவவும் பரவாது. ஆனாலும் குழுவில் இருக்கும் 140 பேரில் பாதிப் பேர், பத்தே நிமிடத்தில் கைகூப்பும் பொம்மைகளைப் போட்டு நன்றி சொல்லிவிட்டார்கள்.

அவர்களில் தெரிந்த பத்துப் பன்னிரண்டு பேரிடம் வேறொரு கேள்வி கேட்டேன். எச்.ஐ.வி. தொற்றக்கூடிய சூழலில் ஒருவர் பாதுகாப்பில்லாமல் உறவுகொண்டுவிட்டார். அடுத்த 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட்டால் தொற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். இது தெரியுமா? மூன்றாம் மாடியில் இருக்கும் செவிலியர் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தது.

பொய் காசில்லாமல் ஒவ்வொரு கைபேசிக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. உயிரைக் காக்கும் தகவலோ மூன்றாம் மாடியைத் தாண்டவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் பத்திரிகையில் குப்பை கொட்டிய எனக்கு, இதில் எங்கள் பங்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்க வேண்டிய கடமை இருக்கிறது.

பெயர் தெரியும், விவரம் தெரியாது

2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு இதைப் பளிச்சென்று காட்டுகிறது. தொடர்ந்து ஆணுறை பயன்படுத்தினால் எச்.ஐ.வி. வரும் வாய்ப்பு குறையும் என்று நாட்டளவில் ஆண்களில் 82 விழுக்காட்டினரும் பெண்களில் 68 விழுக்காட்டினரும் சொல்லியிருக்கிறார்கள். நல்ல மதிப்பெண்தான். ஆனால் எச்.ஐ.வி. பற்றி 'முழுமையான அறிவு' உள்ளவர்கள் என்று பார்த்தால் ஆண்களில் 31 விழுக்காடு, பெண்களில் 22 விழுக்காடு.

முழுமையான அறிவு என்றதும் மருத்துவப் பட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். கேட்கப்பட்டவை சாதாரணக் கேள்விகள். ஆணுறையும், தொற்றில்லாத ஒரே துணையும் பாதுகாப்பு என்று தெரிய வேண்டும். கொசுக்கடியால் பரவும், ஒன்றாகச் சாப்பிட்டால் பரவும் என்பது போன்ற தவறான நம்பிக்கைகள் இருக்கக் கூடாது. கூடவே இன்னொன்று: பார்க்கத் திடகாத்திரமாக இருப்பவருக்கும் எச்.ஐ.வி. இருக்கலாம் என்று தெரிய வேண்டும்.

கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். 2000 வாக்கில் நாமக்கல் பக்கம் லாரிப் பட்டறைகளில் ஓட்டுநர்களோடும் கிளீனர்களோடும் பேசியிருக்கிறேன். எய்ட்ஸ் என்றால் என்ன என்று அவர்கள் எனக்கே வகுப்பெடுத்தார்கள். அரசாங்க வேன் வந்து படம் காட்டியிருந்தது. தொண்டு நிறுவனத்தார் ஆணுறை கொடுத்திருந்தார்கள். அதைப் பயன்படுத்துவது உண்டா என்று கேட்டால், "ஆளைப் பார்த்துதான் சார்" என்றார் ஒருவர். "அந்தப் பொண்ணு சுத்தமான பொண்ணு சார். எனக்கு ரெண்டு வருசமாத் தெரியும்."

தெரிந்த பெண், சுத்தமான பெண், குடும்பத்துப் பையன், படித்த ஆள். ஆபத்தை நாம் செயலில் பார்ப்பதில்லை, ஆளில் பார்க்கிறோம். இந்தப் பழக்கத்தை நமக்கு யார் கற்றுக்கொடுத்தது?

புள்ளிராஜா விட்டுப்போனது

2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் இருந்த யாருக்கும் இந்தக் கேள்வியை நினைவூட்ட வேண்டியதில்லை: "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" சுவரிலும் பேருந்தின் முதுகிலும் விளம்பரப் பலகையிலும் முதலில் கேள்வி மட்டும் வந்தது. யாரப்பா இந்தப் புள்ளிராஜா என்று டீக்கடையே பேசியது. மும்பையில் 'பல்பீர் பாஷா' என்ற பாத்திரத்தை வைத்து நடந்த எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரத்துக்கு இவர் தம்பி முறை. அதுவரை வாயில் வராத ஒரு விஷயத்தைப் பேச வைத்ததில் அது பெரிய வெற்றி. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்தக் கேள்வி, இன்னொருவனைப் பற்றிய கேள்வி. புள்ளிராஜாவுக்கு வருமா, வராதா என்று பந்தயம் கட்டியவர்கள் 'எனக்கு வருமா' என்று கேட்டுக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடங்களில் ராஜா என்று பெயர் வைத்த பிள்ளைகள் பட்ட பாடுதான் மிச்சம். எய்ட்ஸ் என்பது யாரோ ஒரு மாதிரியான ஆளுக்கு வருவது என்ற எண்ணம் இன்னும் கெட்டிப்பட்டது.

அந்த எண்ணத்துக்கு வயது அதிகம். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலா செல்லப்பனும்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். ரத்த மாதிரிகள் எடுக்கப்பட்டது, பாலியல் தொழிலில் பிடிபட்டுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம். மாதிரிகள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சோதிக்கப்பட்டன. பம்பாயில் இருக்கலாம், சென்னையில் இருக்காது என்று பலரும் நம்பிய காலத்தில் அது துணிச்சலான வேலை. ஆனால் தேடிய இடத்தில் கிடைத்ததை, அந்த இடத்தில் மட்டுமே இருப்பதாக ஊர் எடுத்துக்கொண்டது. தொற்று இருப்பதாகத் தெரிந்த பெண்கள் விடுவிக்கப்படாமல் அடைத்து வைக்கப்பட்டார்கள். அவர்களைப் பற்றி எழுதி, நீதிமன்றத்துக்கும் போய் 1990இல் விடுதலை வாங்கிக் கொடுத்தவர் ஷ்யாமளா நடராஜ் என்ற பத்திரிகையாளர். எங்கள் தொழிலில் அப்படிப்பட்டவர்களும் இருந்திருக்கிறார்கள்.

'ஒருவனுக்கு ஒருத்தி' என்ற பிரச்சாரத்தின் கதையும் இதேதான். சுனிதி சாலமன் 1993இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்துக்கு வந்த, தொற்றுள்ள 134 பெண்களைப் பற்றிய ஆய்வு 2000இல் வெளியானது. பெரும்பாலோர் இல்லத்தரசிகள். 88 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒரே ஒரு ஆணோடு வாழ்ந்தவர்கள். பிரச்சாரம் சொன்னதை அவர்கள் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்திருந்தார்கள். தாலி கட்டியவரிடம் ஆணுறை போடச் சொல்ல முடியுமா, பரிசோதனை செய்துகொள்ளச் சொல்ல முடியுமா என்று அந்தப் பெண்களுக்காக எந்த நாளிதழும் அப்போது கேட்டதாக எனக்கு நினைவில்லை. அப்படி நாமக்கல்லில் கணவர் வழியாகத் தொற்றுக்கு ஆளான கௌசல்யா, முகத்தை மறைக்காமல் பொதுவெளிக்கு வந்தார். 1998இல் தொற்றுள்ள பெண்களுக்கென்றே அமைப்பு தொடங்கினார். செய்தி எங்களைத் தேடி வந்து நின்ற பிறகுதான் நாங்கள் பேனாவை எடுத்தோம்.

'உல்லாசம்' என்றொரு சொல்

தமிழ் நாளிதழ்களின் குற்றச் செய்திப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்கு அந்த வாக்கியம் மனப்பாடமாகியிருக்கும்: "இருவரும் உல்லாசமாக இருந்துள்ளனர்." மகிழ்ச்சியைக் குறித்த நல்ல சொல். நாங்கள் எழுதி எழுதி, இன்று சுற்றுலா நிறுவனம்கூட அதைப் போடத் தயங்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

அந்தச் சொல் எதையும் சொல்வதில்லை. பெண்ணுக்குச் சம்மதமா? பாதுகாப்பு இருந்ததா? எதுவும் தெரியாது. பதினான்கு வயதுச் சிறுமிக்கு நடந்த வன்கொடுமையைக்கூட இதே சொல்லால் எழுதிய நாள்கள் உண்டு. பாலியல் தொழிலில் பிடிபட்ட பெண் என்றால் 'அழகி'. அவருக்குப் படமும் உண்டு. அறையில் உடனிருந்த ஆணுக்குப் பெயர்கூட இருக்காது.

ஆணுறை என்ற சொல் எங்கள் பக்கங்களில் எங்கே வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். விடுதியில் சோதனை நடந்த செய்தியில், ரொக்கத்துக்கும் கைபேசிக்கும் அடுத்து வந்தது: "ஆணுறைகள் கைப்பற்றப்பட்டன." ஒரு கையால் அரசு ஆணுறை கொடுக்க, இன்னொரு கையால் காவல் துறை அதைக் குற்றத்தின் தடயமாக எடுக்க, நாங்கள் அதை அச்சிட்டோம். பையில் ஆணுறை வைத்திருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்த பெண் அதை வீசிவிட்டுப் போனால், அந்த இரவில் யாருக்கு எது தொற்றியது என்று எந்தக் கணக்கிலும் வராது.

அரசு விளம்பரங்களில் வரும் 'பால்வினை நோய்' என்ற தொடரையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். வினை என்றாலே தமிழ்க் காதில் 'செய்த வினை' என்றுதானே விழும்?

என்னுடையதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாவட்ட நிருபராகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஒரு கிராமத்தில் கணவனும் மனைவியும் தற்கொலை செய்துகொண்டார்கள். "உயிர்க்கொல்லி நோயான எய்ட்ஸ் தாக்கியதால் மனமுடைந்து" என்று எழுதி அனுப்பினேன். அந்த நோய்க்கு 'உயிர்க்கொல்லி' என்பது அன்று பெயருக்கு முன்னால் போடும் இனிஷியல் மாதிரி. ஊர், தெரு, அப்பா பெயர், பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்று எல்லாமே கொடுத்தேன். முழு விவரம் கொடுத்தவன் என்று செய்தி ஆசிரியர் தட்டிக்கொடுத்தார். மூன்று மாதம் கழித்துத் தண்ணீர்ப் பஞ்சச் செய்திக்காக அதே ஊருக்குப் போனேன். அந்த வீடு பூட்டிக் கிடந்தது. மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் எங்கள் பத்திரிகைத் துண்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார்களாம். இரண்டு பெண் குழந்தைகளையும் பாட்டி வேறெங்கோ கூட்டிப்போய்விட்டாராம். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. தண்ணீர்ப் பஞ்சத்தை எழுதி அனுப்பிவிட்டு வந்துவிட்டேன்.

இன்று அப்படி எழுத முடியாது. 2017இல் நிறைவேறி, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், தொற்றுள்ளவர்கள் மீது வெறுப்பைப் பரப்பும் எழுத்துக்கும் பேச்சுக்கும் தண்டனை வைத்திருக்கிறது. ஒருவரின் தொற்று விவரத்தை அவர் சம்மதமில்லாமல் வெளியிட வைக்கக் கூடாது என்கிறது. செய்தி அறைகளில் அந்தச் சட்டத்தை வாசித்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

சொன்னவர் மீது வழக்கு

2005இல் 'இந்தியா டுடே' தமிழ்ப் பதிப்பு, பாலியல் பழக்கங்கள் பற்றிய கருத்துக்கணிப்பையொட்டி நடிகை குஷ்புவின் கருத்தை வெளியிட்டது. அவர் சொன்னதில் இரண்டு பகுதி இருந்தது. திருமணத்துக்கு முந்தைய உறவைப் பற்றிய கருத்து ஒன்று. அப்படி உறவு இருந்தால் கர்ப்பத்திலிருந்தும் நோயிலிருந்தும் பெண்கள் தங்களைக் காத்துக்கொள்ள வேண்டும் என்பது மற்றொன்று. தமிழகம் முதல் பகுதிக்காகத் துடைப்பத்தைத் தூக்கியது. இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள். அவையெல்லாம் செல்லாது என்று 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லி முடிக்க ஐந்தாண்டுகள் ஆயின.

அந்த ஐந்தாண்டுகளில் நாங்கள் எழுதிய பக்கங்களை அடுக்கினால் ஆள் உயரம் வரும். அந்த இரண்டாம் பகுதியைப் பிடித்துக்கொண்டு, அப்படியானால் எப்படிக் காத்துக்கொள்வது, எங்கே போவது என்று ஒரு கால் பக்கம் எழுதியிருக்கலாம். அவரோடு உடன்பட வேண்டிய அவசியமே இல்லை. கற்பு பற்றி நடந்த அத்தனை விவாதமும் ஒரே ஒருவருக்குக்கூடத் தொற்றைத் தடுத்திருக்காது.

இரவு பத்து மணிக்கு மேல்

2017 டிசம்பரில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தொலைக்காட்சிகளுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது: காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை ஆணுறை விளம்பரம் கூடாது. எதிர்ப்பு வந்து, விவகாரம் நீதிமன்றத்துக்கும் போன பிறகு, ஆபாசமில்லாத விழிப்புணர்வு விளம்பரங்களுக்கு இது பொருந்தாது என்று விளக்கம் வந்தது. விளம்பரத்தில் வரும் காட்சிகள் பலவும் முகம் சுளிக்க வைப்பவைதான், மறுக்கவில்லை. ஆனால் 1968இல் நிரோத் ஆணுறையை, மூன்று 15 காசு என்று பெட்டிக்கடைக்குக் கொண்டுவந்த நாடு இது. 2008இல் 'காண்டம் காண்டம்' என்று பாடும் கைபேசி அழைப்பொலியை வெளியிட்டு, அந்தச் சொல்லின் கூச்சத்தைப் போக்கப் பார்த்த நாடும் இதுதான்.

பத்து மணிக்கு மேல் நம் உள்ளூர்ச் சேனல்களில் என்ன ஓடியது என்று உங்களுக்கே தெரியும். சுய இன்பத்தால் நரம்பு தளரும், எலும்பு உருகும் என்று பயமுறுத்தி லேகியம் விற்கும் 'மருத்துவர்கள்'. எந்த ஊரில், எந்த லாட்ஜில், எந்தத் தேதியில் என்று பட்டியலும் கீழே ஓடும். பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் அவர்களின் நோட்டீஸ்தான். பதினெட்டு வயதுப் பையனுக்கு நாம் காசில்லாமல் கொடுத்த பாலியல் கல்வி அவ்வளவே. பிறப்புறுப்பில் புண் வந்தாலும் அவன் அந்த லாட்ஜுக்குத்தான் போகிறான். பால்வினைத் தொற்றால் வரும் புண், எச்.ஐ.வி. நுழைவதற்கும் கதவு திறந்து வைக்கும் என்று அவனுக்குச் சொன்னவர்கள் இல்லை.

எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் ஒரு நாள் மாலை நின்றிருந்தேன். ஒரு பையன், கல்லூரி இறுதியாண்டு இருக்கும், இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். கடையில் பெண்கள் இருந்தார்கள். மூன்றாம் முறை வந்து ஒரு இருமல் மிட்டாய் கேட்டான். பிறகு கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து விரலை மட்டும் நீட்டினான். கடைக்காரரும் பேசவில்லை. எடுத்து, நாளிதழில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, நாலாய் மடித்துக் கொடுத்தார். சானிட்டரி நாப்கினுக்கும் அதே மரியாதைதான். அன்று அந்தத் தாள் நான் வேலைபார்த்த பத்திரிகையின் தாள்.

எழுதப்படாத செய்திகள்

இதற்கிடையில் மருத்துவம் எங்கேயோ போய்விட்டது. 2004 ஏப்ரல் 1 அன்று அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கியது; முதலில் தொடங்கிய இடங்களில் தாம்பரம் சானடோரியம் ஒன்று. அதற்கு முன்பு அங்கே வார்டுக்குள் போய்வந்தவர்களுக்கு அந்த மெலிந்த உடல்கள் மறந்திருக்காது. அந்தப் படத்தைத்தான் நாங்கள் அச்சிட்டோம். அதுவே இன்னும் வாசகர் மனதில் ஓடுகிறது. இப்போது பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒரு மாத்திரை. தொற்று தெரிந்த அன்றே தொடங்கலாம். ஒழுங்காகச் சாப்பிடுகிறவர் மற்றவர்களைப் போல வேலை பார்க்கலாம், பிள்ளை பெறலாம், பேரன் பேத்தி பார்க்கலாம்.

இதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. மருந்தால் ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு வழியாக அவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத 782 ஆண் இணைகளை ஐரோப்பாவில் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2019இல் 'லான்செட்' இதழில் வந்தது. ஆணுறையில்லாமல் உறவு இருந்தும், இணையரிடமிருந்து தொற்றியது ஒருவருக்குக்கூட இல்லை. ஆண்–பெண் தம்பதியரும் இருந்த முந்தைய ஆய்வின் முடிவும் இதேதான். ஆண்டுக்கு இரண்டே முறை போட்டுக்கொள்ளும் லெனகாபவிர் என்ற தடுப்பு ஊசியை 2025 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது. ஏழை நாடுகளுக்காக அதை மலிவு விலையில் தயாரிக்கப்போவது இந்திய நிறுவனங்கள். நமது முதல் பக்கங்களில் இவற்றை எங்கே வைத்தோம்?

வைத்தது வேறு. 2024 ஜூலையில், திரிபுராவில் 828 மாணவர்களுக்கு எச்.ஐ.வி., 47 பேர் சாவு என்று நாடே அலறியது. ஏதோ ஒரே பருவத்தில் நடந்ததுபோல் தலைப்புகள். அது 2007 ஏப்ரலிலிருந்து 2024 மே வரை பதினேழு ஆண்டுகளில் சேர்ந்த எண்ணிக்கை என்று அந்த மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் விளக்கியது. விளக்கம் மூன்று வரி. அலறல் எட்டுப் பத்தி. போதை ஊசியைப் பகிர்வதுதான் அங்கே முதன்மைக் காரணம் என்ற, உண்மையிலேயே பயன்படும் தகவல் எட்டுப் பத்தியிலும் அமுங்கிப்போனது.

பயம் போய்விட்டால் ஒழுக்கமும் போய்விடும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. பயம் என்ன செய்தது என்பதை 2018 டிசம்பரில் சாத்தூரில் பார்த்தோம். அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்குத் தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. ரத்தம் கொடுத்த இளைஞர், வெளிநாட்டு வேலைக்கான சோதனையில் தனக்குத் தொற்று இருப்பது தெரிந்ததும் தாமாகவே வந்து சொன்னார். தவறு வெளியே தெரிந்ததே அவருடைய நேர்மையால்தான். தொலைக்காட்சிகள் இரவு பகலாகப் பேசின. அவர் விஷம் குடித்து இறந்துபோனார். அந்தத் தாய்க்குப் பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை என்பது பிறகு உறுதியானது. மருந்து தன் வேலையைச் செய்திருந்தது.

தமிழ்நாடு இதில் நிறையவே சாதித்திருக்கிறது. கர்ப்பிணிகளிடம் எடுக்கும் கணக்கெடுப்பில் 2000களின் தொடக்கத்தில் நூற்றுக்கு ஒருவர் என்பதை ஒட்டியிருந்த தொற்று, இப்போது ஆயிரத்துக்கு இருவர் என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. அந்த வெற்றியே இப்போது நமக்கு மெத்தனம் கொடுத்துவிட்டது. நாட்டில் 25 லட்சம் பேர் தொற்றோடு வாழ்கிறார்கள்; ஆண்டுக்கு 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் புதிதாகத் தொற்றுகிறது. புள்ளிராஜா சுவரில் இருந்தபோது பிறந்த குழந்தைக்கு இப்போது ஓட்டுரிமை இருக்கிறது; கைபேசியில் டேட்டிங் செயலி இருக்கிறது. அந்தத் தலைமுறையிடம் டிசம்பர் 1 அன்று மனிதச் சங்கிலிப் படம் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த டிசம்பர் வரை தூங்கிவிடுகிறோம்.

செய்யக்கூடியவை

முதலில் செய்தி அறை. 'உல்லாசம்', 'அழகி', 'உயிர்க்கொல்லி', 'எய்ட்ஸ் நோயாளி' ஆகிய நான்கையும் நாளையிலிருந்து எழுதுவதில்லை என்று ஆசிரியர் ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். இதற்குச் செலவு ஒரு தாள். தற்கொலைச் செய்திக்குக் கீழே உதவி எண் போடப் பழகிவிட்டோம் அல்லவா? அதேபோல் எச்.ஐ.வி. பற்றிய ஒவ்வொரு செய்திக்குக் கீழேயும் 1097 என்ற இலவச உதவி எண்ணைப் போட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற பெயரில் இலவசமாக, ரகசியமாகப் பரிசோதனை நடக்கிறது என்ற வரியும் அதோடு சேர வேண்டும். பரிசோதனை உடனே காட்டாமல் போகலாம், மூன்று மாதம் கழித்து மறுபடி செய்துகொள்ள வேண்டியிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு தடவை 'இல்லை' என்று வந்ததை நம்பி நிம்மதியாகப் போய்விடுகிறவர்கள் ஏராளம்.

அந்த நம்பிக்கை மையங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் பார்த்த ஓர் அரசு மருத்துவமனையில் சீட்டுக் கொடுப்பவர் "அந்த ரூமா? நேராப் போயி லெப்டு" என்று வரிசை முழுக்கக் கேட்கக் கூவினார். வந்தவர் நேராகப் போய் வாசலுக்குத் திரும்பிவிட்டார். அறைக்கு எண் மட்டும் போதும். சீட்டுக் கொடுப்பவருக்கு அரை நாள் பயிற்சி கொடுப்பது, கோடி ரூபாய் விளம்பரத்தைவிட அதிகம் சாதிக்கும்.

அரசு விளம்பரம், பையன்கள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். கிரிக்கெட் ஆட்டத்தின் நடுவே, ரீல்ஸில், டேட்டிங் செயலிக்குள். 'ஜாக்கிரதை' என்று மொட்டையாகச் சொல்லாமல், உறை கிழிந்துவிட்டால் என்ன செய்வது என்று சொல்ல வேண்டும். 72 மணி நேர மருந்து, ஊசி குத்திக்கொண்ட மருத்துவப் பணியாளருக்கும் வன்கொடுமைக்கு ஆளானவருக்கும் கிடைப்பதுபோல், கூச்சத்தோடு வந்து நிற்கும் எவருக்கும் கேள்வி கேட்காமல் அரசு மருத்துவமனையில் கிடைக்கும் என்று சுகாதாரத் துறை அறிவிக்க வேண்டும். எந்த மருத்துவமனையில், இரவில் யாரிடம் கேட்பது என்ற பட்டியலும் அதோடு வர வேண்டும். காவல் துறை ஆணுறையைத் தடயமாகக் காட்டுவதை நிறுத்தும்படி உள்துறை ஓர் உத்தரவு போடட்டும். அதுவரை நாங்கள் அந்த வரியை அச்சிடாமல் இருக்கலாம். பால்வினைத் தொற்றுக்கு அரசு மருத்துவமனையில் இலவசச் சிகிச்சை உண்டு என்ற நோட்டீஸை, லாட்ஜ் மருத்துவரின் நோட்டீஸுக்குப் பக்கத்திலேயே, அதே கழிப்பறைச் சுவரில் ஒட்டலாம்.

எங்கள் குடியிருப்புக் குழுவில் அந்தக் குளிர்பானச் செய்திக்குக் கீழே, இது பொய் என்று எழுதி, 72 மணி நேரத் தகவலையும் 1097 எண்ணையும் போட்டேன். எவரும் பதில் போடவில்லை. ஒரு பொம்மைகூட வரவில்லை. குழுவில் இதெல்லாம் எதற்கு, பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று செயலாளர் மறுநாள் லிப்ட்டில் சொன்னார்.

அன்று இரவு பதினொன்றே முக்காலுக்குத் தனியாக ஒரு செய்தி வந்திருந்தது. படம் இல்லாத, என்னிடம் பெயர் பதியப்படாத எண். "அங்கிள், 72 மணி நேரம்னா எப்போலேர்ந்து கணக்கு? வெள்ளிக்கிழமை நைட்டுன்னா டைம் இருக்கா?"

அன்று ஞாயிறு. உடனே கிளம்பச் சொன்னேன்.